தட்டில் ஒரு கறுப்புப் புள்ளி

உணவு நுண்ணுயிரியல் ஆய்வகம் என்றால் நாள் முழுக்க நுண்ணோக்கியும் கையுமாக இருப்போம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை காத்திருப்பதுதான்.

உணவு வழியே நோய் தரும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க, 25 கிராம் உணவை 225 மில்லி பெப்டோன் நீரில் (கிருமிக்கு ஊட்டம் தரும் திரவம்) கலந்து, 37 டிகிரியில் சுமார் 18 மணி நேரம் வைப்போம். சூட்டிலோ உலர்த்தலிலோ அடிபட்டுக் கிடக்கும் கிருமி முதலில் தேறி எழ வேண்டும். அவசரப்பட்டு நேராகக் கடுமையான ஊடகத்தில் (மற்ற கிருமிகளை அடக்கும் வளர்ப்புக் கலவையில்) போட்டால் வளராமலே போகலாம். நாமும் ‘இல்லை’ என்று எழுதிவிடுவோம். அந்த ஒரு சொல்லை நம்பி யாரோ ஒரு குழந்தைக்கு ஊட்டுவார்கள்.

அப்புறம் இன்னொரு நாள் வேறு ஊடகம், அதன்பிறகுதான் அகார் தட்டு, அதாவது கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு. சிவந்த தட்டில், நடுவில் கறுப்புப் புள்ளியோடு முளைத்த என் முதல் கிருமிக் கூட்டத்தைப் பார்த்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கறுப்பு, கிருமி வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்போடு சேர்ந்து உண்டாவது. பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் கை நடுங்கியது.

எனக்கு அதிகம் பயம் லிஸ்டீரியா என்ற இன்னொரு கிருமியிடம். குளிர்பெட்டியின் 4 டிகிரியிலும் மெல்ல வளரும். கர்ப்பிணிக்கு வந்தால் சிசுவையே இழக்க நேரலாம்.

இந்தத் துறைக்கு வரலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளே, தாராளமாக வாருங்கள். பொறுமையும் புள்ளியியலும் இருந்தால் போதும், மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

இன்று மாலை ஒரு புது மாணவி தன் முதல் தட்டை இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நாளைக் காலை நானும் சீக்கிரமே போகிறேன்.