மாட்டு ஏப்பத்துக்கும் கணக்கு

ஒரு மாடு வருஷத்துக்கு எவ்வளவு மீத்தேன், அதாவது புவியைச் சூடாக்கும் வாயு, விடும் என்று கேட்டால், ஆசியாவுக்கென்று தயாராக ஒரு எண் இருக்கிறது. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டியில் கறவை மாட்டுக்கு 68 கிலோ, மற்ற மாட்டுக்கு 47 கிலோ. தலையை எண்ணிப் பெருக்கினால் வேலை முடிந்தது. ஒரு நாடு முழுமைக்குமான கணக்குக்கு இது போதும். மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) நடுவே பத்துப் பன்னிரண்டு மாடு வைத்திருக்கும் என் மாமாவின் கொட்டகைக்கு இது ஒன்றுக்கும் உதவாது என்பதுதான் என் கட்சி.

அங்கே உள்ளூர் இனமான கெடா-கிளந்தான் மாடும் நிற்கிறது, சாஹிவால்-பிரீசியன் கலப்புக் கறவை மாடும் நிற்கிறது. முன்னது 200 கிலோவைச் சுற்றி, பின்னது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தீனியும் அப்படித்தான். மீத்தேன் தீனியிலிருந்து வருவது: மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் புல்லைப் புளிக்க வைக்கும்போது உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியே போகிறது. பின்பக்கம் போவது கொஞ்சம்தான், ஜோக் அடிப்பவர்கள் கவனிக்கவும்.

அதனால் தீனியிலிருந்தே போடலாம். உலர்தீனி (தண்ணீர் நீக்கிய தீனி) ஒரு கிலோவில் 18.45 மெகாஜூல் சக்தி, அதில் சுமார் 6.5 சதவீதம் மீத்தேனாகப் போகிறது, ஒரு கிலோ மீத்தேனில் அடங்கிய சக்தி 55.65 மெகாஜூல், அதனால் வகுத்தால் மீத்தேன் கிலோவில் வரும். ஒரு நாளைக்கு 5 கிலோ உலர்தீனி தின்னும் சின்ன மாட்டுக்கு வருஷம் 39 கிலோ வரும். 12 கிலோ தின்னும் கலப்பு மாட்டுக்கு 94 கிலோ. ஒரே கொட்டகை, ஒரே கூரை. அந்த 6.5 கூட கல்லில் வெட்டியதல்ல, ஒரு புள்ளி மேலே கீழே போகும் என்று வழிகாட்டியே சொல்கிறது.

சிக்கல் சூத்திரத்தில் இல்லை, வாளியில் இருக்கிறது. மாமா "முப்பது கிலோ நேப்பியர் போடுறேன்" என்பார், அது ஈரப்புல். உலர்ந்தால் ஐந்தாறு கிலோதான். சோயா சக்கையிலும் முக்கால் பங்கு தண்ணீர். ஈர எடையை அப்படியே சூத்திரத்தில் போட்டால் யானைக்கு உரிய விடை வரும். தராசு இல்லாத இடத்தில் மாட்டின் எடைக்கு நாடா போதும்: மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 10840-ஆல் வகுத்தால் கிலோ வரும். தையல்காரர் நாடா 150 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், கலப்பு மாட்டுக்கு எட்டாது, நீளமானது வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஏப்பத்துக்கும் கணக்கா?" என்று மாமா சிரித்தார். ஆனால் ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன் என்று போட்டுக் காட்டியதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சின்ன மாடு வருஷத்துக்கு 600 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 65 கிராம். பெரியது 2400 கறந்தால் 39 கிராம். அதற்காகச் சின்ன மாட்டை விற்கச் சொல்பவன் நானில்லை. அது வெயிலைத் தாங்கும், செம்பனை நிழலில் தானே மேயும், மருந்துச் செலவு குறைவு. இதையெல்லாம் எந்த எக்செல் தாளும் கேட்பதில்லை.

மலேசியா 2021-ல் உலக மீத்தேன் உறுதிமொழியில் சேர்ந்தது. 2020 அளவிலிருந்து 2030-க்குள் 30 சதவீதம் குறைப்பது உலகம் முழுமைக்குமான இலக்கு. நம் நாட்டில் செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளங்களும் குப்பைமேடுகளும் எண்ணெய், எரிவாயுத் துறையும் இருக்கும்போது முதல் கேள்வி மாமாவிடம் வரக்கூடாது, சரி. ஆனாலும் என்றாவது கேட்டு வந்தால், எங்கிருந்தோ வந்த 68-ஐவிட அவருடைய தீனி நோட்டு நல்ல சாட்சி.

சாணிக் கணக்கு தனி. மாமா குவித்துக் காயவைத்து உரமாக விற்கிறார், அதில் மீத்தேன் சொற்பம்; தண்ணீர் விட்டுக் கழுவிக் குழியில் தேக்குகிற கொட்டகை என்றால் அதையும் சேர்த்துத்தான் போடவேண்டும்.