முதல் ரிப்போர்ட் எங்கே?

தம்பிக்கு இதயத்தில் மிக்ஸோமா கட்டி இரண்டாவது முறையாக வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இடது மேலறையில். இப்போது வலது மேலறையில். புற்று அல்ல, எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று அப்போது நிம்மதியாக இருந்தோம். இம்முறை டாக்டர் அவன் உதட்டோரக் கரும்புள்ளிகளையும் கவனித்தார். கார்னி கூட்டுநோயாக இருக்கலாம், பரம்பரையாக வருவது, தைராய்டு, அட்ரீனல் சுரப்பிகளிலும் கட்டிகள் வரலாம், தைராய்டில் சில சமயம் புற்றாகவும் மாறலாம் என்றார்.

பயத்தில் நான் முந்திக்கொண்டேன். தனியார் ஆய்வகத்தில் என் ரத்தத்தைக் கொடுத்து, 'பரம்பரைப் புற்றுநோய்' சோதனை செய்தேன். பாதிப்பு இல்லை என்று வந்தது, ஊருக்கெல்லாம் சொன்னேன். மரபணு ஆலோசகர் தாளைப் புரட்டிவிட்டு, இதில் கார்னி நோயோடு தொடர்புள்ள பி.ஆர்.கே.ஏ.ஆர்.1ஏ மரபணுவையே பார்க்கவில்லையே என்றார். நோய் வந்தவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டுமாம். அவரிடம் மரபணு மாற்றம் பிடிபட்டால்தான் மற்றவர்களிடம் அதைத் தேட முடியும். பணம் போனது போனதுதான்.

அடுத்து, முதல் கட்டியின் திசுப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும் என்றார். பழைய மருத்துவமனைக்கு இரண்டரை மணி நேர பஸ் பயணம். ஆவணப் பிரிவு எழுத்தர், நோயாளி கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் பேசவே முடியாது என்று திருப்பி அனுப்பினார். கடிதத்தோடு மறுவாரம் போனால், மூன்று ஆண்டு கடந்த கோப்புகளை அழித்துவிட்டோம் என்கிறார்! தேதியை முதல் நாளே சொல்லியிருந்தேனே ஐயா. கேட்ட 72 மணி நேரத்தில் நகல் தரவேண்டும் என்ற 2002 மருத்துவக் கவுன்சில் விதியைப் படித்துக்கொண்டு போயிருந்தேன். மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது.

காப்பாற்றியது நோய்க்குறியியல் ஆய்வக ஊழியர் ஒருவர். டிஸ்சார்ஜ் தாளின் மூலையில் இருந்த பயாப்ஸி எண்ணைப் பார்த்துப் பழைய பதிவேட்டைப் புரட்டினார். பத்தே நிமிடம். ரிப்போர்ட் கிடைத்தது, மெழுகுக் கட்டையில் திசுவும் பத்திரமாக இருந்தது. அந்த எண்ணை இன்றே குறித்து வையுங்கள்.

தம்பியிடம் மாற்றம் உறுதியானது. எனக்கு இல்லை, இம்முறை சரியான சோதனையில். அம்மாவுக்கு இருக்கிறது. அவர் உதட்டுப் புள்ளிகளைப் பாட்டி அதிர்ஷ்ட மச்சம் என்பார்.

எக்கோ எனும் இதய ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை என்று எத்தனை முறை சொல்லியும், அம்மா காபிகூடக் குடிக்காமல்தான் வந்தார். இதயத்தில் கட்டி எதுவும் இல்லை. அடுத்த எக்கோ வரும் ஆண்டு இதே மாதம்.