பிள்ளையோடு மலைப்பாதையில் ஒரு நாள்: கியர், பிரேக், இறக்கம்

பிள்ளைக்கு மலை ஏறத் தெம்பு பத்தவில்லை என்று முடிவு கட்டும் முன், சைக்கிளின் பின்சக்கரத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். 24 அங்குல வண்டிகள் பலவற்றில் முன்னால் 32 பல், பின்னால் 14-28 ஃப்ரீவீல்தான் (14 முதல் 28 பல் வரை உள்ள பல்சக்கர அடுக்கு) வருகிறது. மிக லேசான கியரில்கூட பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.2 மீட்டர் நகரும். பிள்ளை 28 கிலோ, வண்டி 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், 6 சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் 40 கிலோவை 13 சென்டிமீட்டர் மேலே தூக்கியாக வேண்டும். கூட வரும் பெரியவரின் வண்டியில் முன் 32, பின் 50 இருந்தால் அவருக்கு ஒரு சுற்று ஒன்றரை மீட்டர்தான். காலில் வலு குறைந்தவருக்கு கனமான கியர். ஏறும்போது பிள்ளை இறங்கித் தள்ளுவதற்கு முதல் காரணம் இதுதான்.

முதலில் மாற்ற வேண்டியது ஃப்ரீவீல். 14-34 அதே மரையில் ஏறும். வண்டியில் எத்தனை கியரோ அத்தனை கியருக்கே வாங்க வேண்டும். பழையதைக் கழற்றுவதுதான் சிரமம். மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல் தன் மரையில் இறுகிக்கொண்டே போகும், சின்ன ஸ்பேனருக்கு அசையாது. புல்லரை (ஃப்ரீவீலைக் கழற்றும் கருவி) ஃப்ரீவீலில் பொருத்தி, அது நழுவாதபடி அச்சு நட்டை லேசாக இறுக்கி, புல்லரை வைஸில் (பட்டறை மேசையின் இரும்புப் பிடிப்பான்) கடிக்கவைத்து, சக்கரத்தையே இரண்டு கையாலும் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். தளர்ந்த உடனே நட்டை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் நட்டும் ஃப்ரீவீலும் ஒன்றையொன்று நெரிக்கும்.

34 பல்லுக்குப் பழைய செயின் பெரும்பாலும் நீளம் பற்றாது. குட்டைச் செயினோடு பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பாகம்) பிய்ந்து வந்துவிடும். ஆகவே வண்டியைத் தூக்கி நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றியபடி ஒவ்வொரு கியராக ஏற்றிப் பாருங்கள். டிரெய்லியரின் மேல் உருளை பல்லில் உரசினால், இடைவெளியைக் கூட்ட பி-ஸ்க்ரூ என்ற அதன் சின்ன ஸ்க்ரூவை உள்ளே திருக வேண்டும். உருளைகளைத் தாங்கும் கூண்டு குட்டையாக உள்ள டிரெய்லியருக்கு 34 ஒத்துவராமலும் போகலாம். வாங்கும் முன் அது தாங்கும் அதிகபட்சப் பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு முன்பல்லையும் 28 ஆக்கினால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டரில் ஏறும்போது நிமிடத்துக்கு 38 சுற்றாக இருந்தது 52 ஆகிறது. பிள்ளை சீட்டில் உட்கார்ந்தபடியே, வண்டி பாம்பாக வளையாமல் ஏறுவது இங்கேதான் தொடங்குகிறது. பல குழந்தை வண்டிகளில் முன்பல் க்ராங்கோடு (பெடல் மாட்டியிருக்கும் கை) ரிவெட் அடித்திருக்கும். அப்போது க்ராங்க் செட்டையே மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் க்ராங்க் நீளத்தையும் குறைத்துவிடுங்கள்: பிள்ளையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு சரியான அளவு. 135 சென்டிமீட்டர் பிள்ளைக்கு 140 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் அதிகபட்சக் காற்றை அப்படியே அடிப்பது பரவலான பழக்கம். 2 அங்குல டயரில், 40 கிலோ மொத்த எடைக்கு, கரடுமுரடான பாதையில் சுமார் 20 பிஎஸ்ஐ போதும். 50 அடித்தால் ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் துள்ளும், பிடிமானம் போகும், மணிக்கட்டு நோகும்.

இறக்கத்தைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். இவ்வளவு குறைந்த எடைக்கு ரிம் கொதிக்கும் முன்பே விரல்கள் ஓய்ந்துவிடும். பிரேக் லிவரில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகி, ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு அதன்மேல் வளைந்து உட்காரும் அளவுக்கு லிவரை அருகில் கொண்டுவாருங்கள். பின்பு முழுதாக அழுத்திப் பாருங்கள். ஹேண்டில்பாரில் இடித்தால் கேபிளை இறுக்க வேண்டும். வி-பிரேக்கில் (ரிம்மை இருபக்கமும் கவ்வும் பிரேக்) இரு பக்க ஸ்பிரிங் ஸ்க்ரூவையும் சமமாகத் தளர்த்தினால் லிவர் லேசாகும். அப்படியும் கனமாக இருந்தால் கேபிள் உறைக்குள் துரு. புதிது போடுவதே நல்லது.

ஓட்டும் முறையும் இதையொட்டியதுதான். லிவரைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட வேண்டும். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், இடுப்பு சற்றுப் பின்னால், பார்வை முன்சக்கரத்தில் அல்ல, வளைவு முடியும் இடத்தில். இறங்கும்போது பெரியவர் முன்னால் போய் வேகத்தை நிர்ணயிக்க, பிள்ளை இடைவெளி விட்டுப் பின்னால் வரலாம். ஏறும்போது நேர்மாறு: பெரியவர் பின்னால், வண்டிகள் கடந்து போகும் பக்கமாக. கை உதறிக்கொள்ள, பிள்ளை கேட்கும் வரை காத்திராமல் நிறுத்துங்கள்.

ஏற்றத்தில் கடைசித் துண்டுக்கு இழுவைக் கயிறு உதவும், ஆனால் எலாஸ்டிக் கயிறு மட்டுமே. சாதாரணக் கயிறு வெடுக்கென்று இழுத்துத் தள்ளிவிடும். பெரியவரின் சீட்டுத் தண்டில் ஒரு முனை, பிள்ளை வண்டியின் ஸ்டெம்மில் (ஹேண்டில்பாரை நடுவில் பிடித்திருக்கும் பாகம்) மறுமுனை. ஹேண்டில்பாரின் ஒரு பக்கத்தில் மாட்டினால் வண்டி திரும்பிவிடும். உச்சிக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் கணக்குப்படி மணிக்கு 300 மீட்டர் உயரம். நிற்பதையெல்லாம் சேர்த்து 200 என்று திட்டமிடுவதே நியாயம். போன வழியே திரும்பும் பாதையாக இருந்தால் எங்கிருந்து வேண்டுமானாலும் திரும்பலாம். தண்ணீர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 9 முதல் 12 வயதுக்கு 100 முதல் 250 மில்லி. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். மிதிக்காமல் இறங்கும் பிள்ளைக்கு வியர்வை ஈரத்தில் காற்று வேறு அடிக்கும். காற்று புகாத சட்டையை உச்சியில் நின்ற உடனே போட்டுவிடுங்கள், நடுங்கிய பிறகு அல்ல.

பெரியவர் பையில்: பிள்ளையின் சக்கர அளவுக்கான டியூப், அதன் வால்வுக்குப் பொருந்தும் பம்ப், செயின் கட்டர், அதே கியர் எண்ணிக்கைக்கான செயின் இணைப்புக் கண்ணி, டிரெய்லியர் தொங்கும் ஹேங்கர் ஒன்று. வண்டி வலப்பக்கம் விழும்போது இந்த ஹேங்கர்தான் வளைகிறது. வளைந்திருப்பது தெரியாமல் லேசான கியருக்கு மாற்றினால் டிரெய்லியர் ஸ்போக்ஸில் மாட்டிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் வலப்பக்கம் விழுந்தால், கீறல்கூட இல்லையென்றாலும், பின்னாலிருந்து பார்த்து இரண்டு உருளையும் பல்லுக்கு நேர்கோட்டில் உள்ளனவா என்று சரிபார்த்த பிறகே ஏறச் சொல்லுங்கள்.