கேமராவுக்கு இந்தப் பக்கம் எங்கள் லயம்

கண்டியில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, நுவரெலியா என்று எல்லாரும் கேட்கும் இடங்களைத் தவிர, வெளிநாட்டுக்காரர் சிலர் வண்டியில் ஏறியதுமே வேறொன்றைக் கேட்பார்கள்: அந்தத் தொங்குபாலம் எங்கே இருக்கிறது?

'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' என்ற ஹாலிவுட் படத்தில் வரும் பாலத்தைத்தான் கேட்கிறார்கள். 1983இல் விக்டோரியா அணை வேலை நடந்துகொண்டிருந்தபோது, அதற்குப் பக்கத்தில் மகாவலி ஆற்றுக்குக் குறுக்கே அதைக் கட்டினார்கள். பார்வைக்குக் கயிற்றுப்பாலம், தாங்கியதெல்லாம் இரும்பு வடம். அணை வேலைக்கு வந்திருந்த பொறியியலாளர்களே அதற்கும் கைகொடுத்தார்கள். படத்திலேயே அறுத்துவிட்டதால் இப்போது அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆசையோடு கூட்டிப்போவேன். எனக்கு அந்தப் படம் என்றால் உயிர்.

அதற்குக் காரணம் அம்மா. சின்ன வயதில், தீபாவளிக்குத் தேயிலைத் தோட்டத்தில் டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, லயத்து வாசலில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், விடிய விடியப் படம் போடுவார்கள். ரஜினி படங்களுக்கு நடுவே யாரோ இந்தக் கேசட்டையும் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த வறண்ட கிராமம் திரையில் வந்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டார். "இது நம்ம ஹந்தானைடா!" அவர் கொழுந்து பறித்த மலையில்தான் அந்தக் கிராமத்தைப் போட்டிருந்தார்கள்.

கதைப்படி அது இந்தியா. இந்தியாவில் எடுக்க அனுமதி கிடைக்காமல்தான் கண்டிக்கு வந்தார்கள். அதனால் அந்த இந்தியக் கிராமத்து ஜனங்கள் சிங்களம் பேசுகிறார்கள். கிராமத்துப் பெரியவராக வருபவர் டி. ஆர். நாணயக்கார. ஆங்கிலம் தெரியாத அவருக்கு, அவர் பேசவேண்டிய ஆங்கில வசனத்தை இயக்குநர் ஸ்பீல்பர்க் கேமராவுக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த முகத்தையும் குரலையும் பார்த்தால் யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. படத்தில் காளியைக் காட்டிய விதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. எங்கள் தோட்டங்களில் காளியம்மன் பிள்ளைகளைக் காக்கிறவள். அதையும் பயணிகளிடம் சொல்லிவிடுவேன்.

சில வருஷங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். விக்டோரியா அணைக்குப் போகவேண்டும் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. குண்டசாலை தாண்டியதும் வழக்கம்போலப் படத்தின் கதையை ஆரம்பித்தேன். ஸ்பீல்பர்க்குக்கு உயரம் என்றால் பயம், பாலத்தைக் கடக்கவே மாட்டார், அடுத்த கரைக்கு வண்டியில் சுற்றிக்கொண்டுதான் போவார் என்று சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர் வெளியே பார்த்தபடியே, ஒரு நாள் அந்த வண்டியில் தானும் போனதாகச் சொன்னார். அவர் கேமராக் குழுவில் உதவியாளராக இருந்தவர். பின்னால் இருந்த நண்பர், பாலத்திலிருந்து ஆட்கள் விழும் காட்சிக்குப் பொம்மைகளைத் தயார்செய்தவர்களில் ஒருவர்.

திகனயில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது. கனவில் வரும் ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இத்தனை வருஷம் சேர்த்துவைத்திருந்த கேள்விகளையெல்லாம் கேட்டேன். எனக்கு மனப்பாடமான வசனங்கள் அவர்களுக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்ததெல்லாம் வேலை. பாலத்தை ஒரே ஒரு தடவைதான் அறுக்க முடியும் என்பதால் பல கேமராக்களை வைத்துக்கொண்டு எல்லாரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்களாம். விழும்போது உயிருள்ளவர்கள் மாதிரி கைகாலை உதறும்படி பொம்மைகளுக்குள் பொறி வைத்திருந்தார்கள். பாலம் அறுந்த நேரத்தில் பொம்மை செய்தவர் பாலத்தைப் பார்க்கவே இல்லை. தன் பொம்மைகளின் கை அசைகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாராம். இப்போதெல்லாம் அந்தக் காட்சி வரும்போது என் கண்ணும் அந்தக் கைகளைத்தான் தேடுகிறது.

அணையை எட்ட நின்று பார்த்துவிட்டு ஹந்தானைக்குப் போனோம். மேலே கூடையோடு நின்று படப்பிடிப்பை வேடிக்கை பார்த்த பெண்களைக் கேமராக்காரருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதில் என் அம்மாவும் நின்றிருப்பார் என்றேன். அப்புறம் அவர்கள் கேட்காததையும் சொன்னேன். படப்பிடிப்பு முடிந்து அவர்கள் ஊர் திரும்பிய சில மாதங்களில், தமிழர்களைக் குறிவைத்த ஜூலைக் கலவரம் வந்தது. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள 1964இல் இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, பெரியப்பா குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்திருந்தது. போக மனமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த ஜூலைக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறினார்கள். அடுத்த வருஷம் கப்பலும் நின்றது. இப்போது அவர்கள் நீலகிரியில் கூடலூரில் இருக்கிறார்கள். பெரியப்பா மகன் அங்கே இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தியான்னு சொல்லி நம்ம மலையக் காட்டுறானுங்கடா, எனக்கு அழுகையா வந்திருச்சு" என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேமராக்காரர், உன் அண்ணனோடு பேச முடியுமா என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். யாரோடு பேசப்போகிறான் என்று சொன்னதும் அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, நான்தான் நடுவில் நின்று சொன்னேன். நடிகர்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கிராமத்த எடுத்தப்ப எங்க லயம் எங்கயாச்சும் விழுந்திருக்கான்னு கேளுடா."

கேமராக்காரர் சரிவைப் பார்த்துக் கையை நீட்டினார். தகரக் கூரை ஒன்றுகூடத் தெரியக்கூடாது என்றுதான் கேமராவை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்களாம். லயங்களெல்லாம் கேமராவுக்குப் பின்னால் இருந்தன என்றார். நான் அதை அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப கேமராவுக்கு இந்தப் பக்கந்தான் நான் நின்னிருக்கேன்," என்றான் அண்ணன். சத்தம்போட்டுச் சிரித்தான், கண்ணையும் துடைத்துக்கொண்டான். அந்த இடத்தை நன்றாகக் காட்டச் சொன்னான். போனைக் கையில் வாங்கிக்கொண்டு, மெதுவாக நடந்து, சரிவு முழுவதையும் அந்தப் பெரியவரே அவனுக்குக் காட்டினார்.

அண்ணன் இப்போது பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அது கிடைத்ததும் வருவான். வந்தால் முதலில் ஹந்தானைக்குத்தான் என்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம்.