ஒரு கிட்டார், ஒரு குரல்

காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜமைக்கப் பாடகர் புஜு பாண்டனின் 'டில் ஷைலோ' ஆல்பத்தை ஓடவிட்டிருந்தேன். 'அன்டோல்ட் ஸ்டோரீஸ்' வந்ததும் குழாயை மூடிவிட்டேன்.

மெஷின் டிரம்மின் அதிரடி இல்லை. ஒரு அக்கூஸ்டிக் கிட்டார். அந்தக் கரகரத்த குரல். இல்லாதவன் படும் பாடு.

இந்த ஆல்பத்துக்கு மூன்றே வருடம் முன்பு, 1992-ல், 'மிஸ்டர் மென்ஷன்' ஆல்பத்தால் ஜமைக்காவின் டான்ஸ்ஹாலையே, ரெகேயிலிருந்து பிறந்த அந்த அதிரடி ஆட்ட இசை உலகையே, ஆட வைத்தவர் இவர்!

1993-ல் சக பாடகர் பான்ஹெட் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வலியில் பிறந்ததுதான் 'மர்டரர்'. துப்பாக்கியைப் பெருமையாகப் பாடுவது சகஜமாக இருந்த இடத்தில், கொன்றவனைப் பார்த்து நேராகப் பாடினார்.

1995-ல் 'டில் ஷைலோ' வந்தபோது அவர் ரஸ்தஃபாரி, ஜமைக்காவில் பிறந்த ஒரு சமய இயக்கத்தைச் சேர்ந்தவர். பாடல்களிலும் ரஸ்தஃபாரி வழிபாட்டின் நியாபிங்கி மேளம்.

தன்பாலீர்ப்பாளர்களை வெறுத்துப் பதின்வயதில் எழுதிய பாட்டும் இவருடையதுதான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2019-ல் அதைத் தன் பாடல் வரிசையிலிருந்தே நீக்கினார்.

சின்ன வயதிலேயே புகழ் வந்த ஒருவர், தன்னைக் கொண்டாடிய கூட்டத்தின் முன்னாலேயே மாறுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பாட்டு முடிந்தும் குழாயைத் திறக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டேன்.