பனி ஊருக்குப் போகும் ஜிஆர்86

செப்டம்பர் 6

இடமாற்றம் உறுதியாகிவிட்டது. நவம்பர் நடுவில் புது வேலையில் சேர வேண்டும். போகும் ஊரில் ஜனவரி என்றால் மைனஸ் 25 டிகிரி சர்வ சாதாரணமாம். காரை விற்றுவிட்டு அங்கே போய் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றை வாங்கிக்கொள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். விற்கப் போவதில்லை. டொயோட்டா ஜிஆர்86, பின்சக்கர இழுவை, மேனுவல் கியர், எடை 1,280 கிலோவுக்குப் பக்கம். ஒவ்வொரு போல்ட்டாகத் தேடி எனக்கென்று அமைத்துக்கொண்ட வண்டி.

இன்று வண்டிக்கு அடியில் படுத்து, ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்காக நான் மாற்றியவற்றை எல்லாம் எழுதி எடுத்தேன். ஆயில் கூலர், ரேடியேட்டரில் வெறும் தண்ணீர், லித்தியம் பேட்டரி, ட்ராக் பிரேக் பேட், வண்டியைத் தாழ்த்திய காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் டாம்பரும்), செமி ஸ்லிக் டயர் (காய்ந்த ட்ராக்குக்கான, வெட்டுகள் குறைந்த டயர்). எழுதி முடித்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ட்ராக்கில் என் எதிரி சூடு. செய்த மாற்றங்களில் பெரும்பாலானவை சூட்டை வெளியே தள்ளவோ, சூடானபின் நன்றாக வேலை செய்யவோ போட்டவை. அங்கே சூட்டைச் சேர்த்து வைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றையும் திருப்பிப் போட வேண்டும்.

வண்டி திறந்த லாரியில் போகிறது. எனக்கு முன்பே அது குளிரைப் பார்த்துவிடும். அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போட முடியாது.

செப்டம்பர் 13

முதலில் கூலண்ட். பல ட்ராக்குகளில் கிளைக்கால் (உறையாமல் தடுக்கும் திரவம்) கலந்த கூலண்டை அனுமதிப்பதில்லை. தரையில் கொட்டினால் பின்னால் வருகிறவர் வழுக்கிவிடுவார், சுத்தம் செய்வதும் பெரும்பாடு. அதனால் என் ரேடியேட்டரில் இருந்தது வடிநீரும் துருத்தடுப்பு மருந்தும்தான். தண்ணீர் உறையும்போது அதன் அளவு சுமார் 9 சதவீதம் கூடும். அலுமினிய இன்ஜின் பிளாக்குக்குள் அந்த 9 சதவீதத்துக்கு இடம் கிடையாது. லாரி மேல் ஒரே ஒரு மைனஸ் 10 இரவு கழிந்தால் போதும், பிளாக் விரிசல் விட்டுக் கிடக்கும்.

எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 வரை தாங்கும். கிளைக்கால் கூடக்கூட நல்லது என்று நினைக்கத் தோன்றும், அப்படி இல்லை. தண்ணீரே கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்றை ஒன்று உறையவிடாமல் தடுக்கின்றன.

ரேடியேட்டரை மட்டும் வடித்தால் போதாது. பிளாக்கிலும், வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரிலும் தண்ணீர் தங்கியிருக்கும், புதிதாக ஊற்றியதை அது நீர்த்துப்போகச் செய்துவிடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூடானதும் வழிவிடும் வால்வு) திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்து, திரும்ப நிரப்பி, கடைசியில் உறைநிலையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். கோடு மைனஸ் 37இல் நின்றது. இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம்.

செப்டம்பர் 20

இன்ஜின் ஆயில். ட்ராக்குக்காக 5டபிள்யூ-40 ஊற்றி வந்தேன். இந்த இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொல்வது 0டபிள்யூ-20. முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டுகிறது. 5டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30இலும், 0டபிள்யூ எண்ணெயை மைனஸ் 35இலும் இன்ஜின் சுழலவிடுகிறதா என்று சோதிக்கிறார்கள். எண்ணெய் மேலே ஏறும்வரை பேரிங்குகள் காய்ந்து சுற்றும் அந்தச் சில நொடிகள்தான் எனக்குக் கவலை. 0டபிள்யூ-20க்கே திரும்பிவிட்டேன்.

ஆயில் கூலர் கழன்றது. அதில் தெர்மோஸ்டாட் இல்லை, எப்போதும் எண்ணெய் அதன் வழியாகவே போகும். மைனஸ் 20 காற்றில் அந்த எண்ணெய் ஒருநாளும் சரியான சூட்டுக்கு வராது. எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் அதில் சேரும் நீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். இல்லாவிட்டால் மூடியைத் திறந்தால் பால் போல வெளுத்துக் கிடக்கும்.

கேட்ச் கேனைப் பற்றி, அதாவது இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பாவைப் பற்றி, மெக்கானிக் சொன்னதுதான் இன்றைக்குப் பெரிய பாடம். "தம்பி, அதுக்குள்ள சேர்றது எண்ணெய் மட்டும் இல்ல, பாதி தண்ணி. அது உறைஞ்சுதுன்னா கிராங்க்கேஸ் மூச்சு விட வழி இருக்காது. சீல் பிச்சுக்கிட்டு எண்ணெய் வெளிய வரும்." கேனைக் கழற்றி, பழைய குழாயை அதன் இடத்தில் திரும்பப் பொருத்தினோம். தாழ்வாக இருந்த ஏர் ஃபில்டரும் போனது. பனித்தூளை உறிஞ்சி ஈரமாகி உறையும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. பழைய ஏர்பாக்ஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது இப்போது கைகொடுத்தது.

செப்டம்பர் 28

டயர். இந்த மொத்த வேலையிலும் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்குக் கொடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்தால் பிரேக் பிடித்தபின் சுமார் 12 மீட்டரில் வண்டி நிற்கும். இறுகிய பனியில் 0.2 என்றால் 49 மீட்டர். பனிக்கட்டி மேல் 0.1 என்றால் 98 மீட்டர். குதிரைத்திறன் எவ்வளவு, சக்கரங்களில் எத்தனை இழுக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே வராது. நான்கு சக்கர இழுவை கிளம்ப உதவும், நிற்க உதவாது. காரை விற்கச் சொன்னவர்களுக்கு என் பதில் இதுதான்.

கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். செமி ஸ்லிக் இன்னும் மோசம். கடும் குளிரில் அதை ஓட்டினாலோ, இடத்தைவிட்டு நகர்த்தினாலோகூட ரப்பரில் விரிசல் விழலாம் என்று டயர் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. என்னுடையவற்றை வீட்டுச் சாமான்களோடு அனுப்பி, வீட்டுக்குள்ளேயே வைக்கப் போகிறேன்.

குளிர்கால டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று சிகரமும் நடுவில் பனித்துகளும் உள்ள முத்திரையைப் பாருங்கள். அது பனியில் ஒரு சோதனையைத் தாண்டியதற்கு அடையாளம். வெறும் எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்துக்குப் பின்னால் அப்படி ஒரு சோதனை கிடையாது. முத்திரை பனியைப் பற்றித்தான் பேசுகிறது, பனிக்கட்டியைப் பற்றி அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். பின்லாந்தின் நோக்கியன் 1934இல் லாரிகளுக்காக முதல் குளிர்கால டயரைச் செய்தது. இன்றைய டயர்களின் பலம் மென்மையான ரப்பரிலும், அதில் கத்தியால் கீறியதுபோல் ஓடும் நுண்ணிய வெட்டுகளிலும் இருக்கிறது.

ஆணி வைத்ததா, வைக்காததா? பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில், மேலே ஈரம் படிந்த பனிக்கட்டியில் ஆணி வைத்ததை வெல்ல முடியாது. கடும் குளிரில் பனிக்கட்டி காய்ந்து கிடக்கும்; அங்கே ஆணியில்லாத மென்மையான ரப்பரே நன்றாகப் பிடிக்கும். ஆணி டயருக்கு இடத்துக்கு இடம் சட்டமும் மாறுகிறது. ஆணியில்லாததை எடுத்தேன்.

அளவு (அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவர் அதில் எத்தனை சதவீதம், ரிம் அங்குலத்தில்): இப்போது இருப்பது 215/40 ஆர்18. வாங்கியது 205/50 ஆர்17. மொத்த விட்டம் 629 மில்லிமீட்டரிலிருந்து 637 ஆகிறது, ஒரு சதவீதம் சொச்சம்தான் கூடுகிறது. ஒடுக்கமான டயர் சேற்றுப்பனியைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். பக்கச்சுவர் உயரம் 86இலிருந்து 102 மில்லிமீட்டராகிறது, பனிக்கு அடியில் மறைந்திருக்கும் குழியில் விழுந்தால் ரிம் தப்பிக்கும். இதே காரின் ஒரு வகை 17 அங்குல ரிம்மோடுதான் வருகிறது, அதனால் பிரேக் காலிப்பர் இடிக்குமோ என்ற கவலை இல்லை. பெரிய பிரேக் கிட் போட்டிருப்பவர்கள் ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் டயர் வாங்க வேண்டும்.

அக்டோபர் 4

லித்தியம் பேட்டரி வெளியே, ஈய பேட்டரியில் ஒரு வகையான ஏஜிஎம் உள்ளே. கூடிய எடையை நினைத்து ஒரு நிமிடம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் லித்தியம் செல்லைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். ஈய பேட்டரி குளிரில் பலம் குறையும், ஆனால் சார்ஜ் இருக்கும்வரை கெடாது. வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் சிசிஏ. மைனஸ் 18 டிகிரியில் 30 நொடிக்கு எவ்வளவு ஆம்பியர் தரும் என்பதே அது.

பிளாக் ஹீட்டரும் பொருத்தியாகிவிட்டது. அமெரிக்காவின் வட டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கிளம்புவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு மின்சாரத்தில் சொருகினால் கூலண்ட் இளஞ்சூடாகிவிடும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவதில் வரும் தேய்மானத்தை இவ்வளவு மலிவாகக் குறைக்கும் சாமான் வேறு எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 11

பிரேக். ட்ராக் பேடுகள் சூடேறினால்தான் கடிக்கும், அங்கே அவற்றுக்குச் சூடேறவே வாய்ப்பில்லை. சாதாரண பேடுகள் மாட்டினேன்.

பிரேக் ஆயிலில் எல்லாரும் கொதிநிலையை மட்டும் பார்க்கிறோம். குளிர் ஊரில் பார்க்க வேண்டியது கெட்டித்தன்மை. டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகையில் சாதாரணமானது மைனஸ் 40இல் 1,800 சென்டிஸ்டோக் வரை கெட்டியாக இருக்கலாம் என்கிறது தர அளவுகோல்; குறைந்த கெட்டித்தன்மை உள்ள டாட் 4, அதாவது 6ஆம் வகுப்பு, 750ஐத் தாண்டக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், நொடிக்குப் பலமுறை இந்த எண்ணெயின் வழியைத் திறந்து மூட வேண்டும். பனிக்கட்டியில் ஏபிஎஸ்ஸை நம்பித்தான் வண்டி ஓடப்போகிறது. மெல்லியதையே ஊற்றினேன்.

அக்டோபர் 18

காயில்ஓவரை ஏற்றி வண்டியைத் தொழிற்சாலை உயரத்துக்கு, சுமார் 130 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தாயிற்று. முன் பம்பருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த லிப்பைக் கழற்றினேன், அது பனியை வாரும். முன்சக்கர கேம்பரையும் (சக்கரத்தின் சாய்வு) மைனஸ் 2.5 டிகிரியிலிருந்து மைனஸ் 1க்குப் பக்கத்தில் வைத்து அலைன்மென்ட் செய்தோம். உப்பு காயில்ஓவரின் திரெட்டில் ஏறினால் அடுத்த வசந்தத்தில் உயரத்தை மாற்றும் வளையம் அசையாது. திரெட் முழுக்க இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை தடவி, மேலே உறை போட்டேன்.

அக்டோபர் 25

துருவுக்கான நாள். பனியைவிட இதுதான் காரைக் கொல்லும்.

சாலையில் தூவும் சோடியம் குளோரைடு மைனஸ் 9 வாக்கில் சோர்ந்துவிடும், அதற்குக் கீழே கால்சியம் குளோரைடோ மெக்னீசியம் குளோரைடோ தெளிப்பார்கள். இந்த இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு காயாமலே இருக்கும். இரும்போடு அலுமினியம் ஒட்டும் இடங்களில் அரிப்பு இன்னும் வேகம் எடுக்கும். உப்போடு வந்த வண்டியைச் சூடான கராஜில் நிறுத்துவது பாதுகாப்பு போலத் தோன்றும். உண்மையில் சூட்டில்தான் துரு வேகமாகப் பிடிக்கும். கழுவாமல் உள்ளே நிறுத்துவதைவிட வெளியே உறைந்து நிற்பதே மேல்.

அடிப்பகுதியைக் கழுவி, முழுதாகக் காயவிட்டு, லானோலின் (ஆட்டு ரோமத்தின் மெழுகு) பூச்சு அடித்தோம். ஈரத்துக்கு மேலே அடித்தால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். பிரேக் டிஸ்க், எக்ஸாஸ்ட், ரப்பர் புஷ் மூன்றையும் மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கதவின் அடியிலும், கதவுக்குக் கீழே ஓடும் சில்லிலும் இருக்கும் வடிகால் துளைகள் அடைபடாமல் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்தோம். முன்பக்கத்துக்கும் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதிக்கும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம். சாலையில் போடும் பொடிக்கல்லுக்கு அதுதான் கவசம்.

நவம்பர் 1

சில்லறை வேலைகள். வாஷர் தொட்டித் தண்ணீரைக் காலி செய்து, மைனஸ் 40 திரவம் ஊற்றி, நாசில் வழியாக அது வெளிவரும் வரை அடித்தேன். குழாயில் தங்கிய தண்ணீர்தான் உறையும். கதவு ரப்பர்களுக்கு சிலிகோன். குளிர்கால வைப்பர். பனி மண்வெட்டி, சுரண்டி, போர்வை டிக்கியில்.

நவம்பர் 6

லாரியில் ஏறிவிட்டது. டிரைவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன்: கியரில் விட்டு நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், ஈரம் உறைந்தால் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் கட்டுங்கள், காயில்ஓவரில் கொக்கி மாட்டாதீர்கள்.

நவம்பர் 15

வண்டி வந்து சேர்ந்தது. மைனஸ் 11, ஒரே சுழற்றில் ஸ்டார்ட். டயர் காற்று எதிர்பார்த்தபடி இறங்கியிருந்தது. குளிர் 10 டிகிரி கூடினால் 2 பிஎஸ்ஐக்குப் பக்கம் குறையும். காலையில் வண்டி நகரும் முன்பே பார்த்து நிரப்பினேன்.

ஆளில்லாத பெரிய பார்க்கிங் ஒன்றில் மதியம் முழுக்கப் பழகினேன். டார்சன் எல்எஸ்டி என்ற டிஃபரன்ஷியல் இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றுவதால், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலும் பின்பக்கம் பக்கவாட்டில் நழுவுகிறது. இரண்டாம் கியரில் கிளம்பினால் சாதுவாக வருகிறது. ஏபிஎஸ் கடகடவென்று அடித்தாலும் காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் நேராக நிற்கிறது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை இங்கே அணைக்கப் போவதில்லை.

கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாகும் வரை இரண்டாம் கியர் விழ அடம்பிடிக்கிறது, வற்புறுத்தாமல் காத்திருந்து போடுகிறேன். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்க வேண்டும். பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறுகிற முதல் நாளில் அடிப்பகுதியைக் கழுவ வேண்டும்.