நான்கு ஆண்டு மாணவிகளும் நாற்பது ஆண்டு ஆசிரியர்களும்

அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம் சில ஆண்டுகளாகச் சிங்கப்பூர் நேரப்படி திங்கட்கிழமை அதிகாலை மூன்று மணியளவில் தொடங்குகிறது. வேலை நாளில் அந்த நேரத்துக்கு எழுந்து, நாம் போயே இராத ஊர்களின் கல்லூரிப் பெண்கள் ஆடுவதை எதற்காகப் பார்க்க வேண்டும் என்று அலுவலக நண்பர்களும் என் அக்காவும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். என் விடை மாறியதில்லை. ஆடுகிறவர்களைவிட அவர்களை ஆட வைக்கிறவர்களைப் பார்ப்பதற்காகவே நான் எழுந்திருக்கிறேன்.

கல்லூரி ஆட்டத்தில் ஒரு மாணவி வழக்கமாக நான்கு பருவங்கள் ஆடிவிட்டுப் போய்விடுவாள். பயிற்றுநர் அப்படியே இருப்பார். டென்னசி பல்கலைக்கழகத்தில் பாட் சம்மிட் 38 பருவங்கள் இருந்தார். ஸ்டான்ஃபோர்டில் டாரா வான்டெர்வீரும் 38 பருவங்கள் இருந்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜீனோ அவுரியெம்மா 1985ஆம் ஆண்டு முதல் இருக்கிறார். ஆகவே இந்த விளையாட்டைத் தொடர்ந்து கவனிக்கிறவருக்கு, ஒரே ஆசிரியர் முற்றிலும் வெவ்வேறான பல தலைமுறைகளை எப்படி வளர்த்தெடுக்கிறார் என்பதைக் காணும் வாய்ப்பு கிடைக்கிறது. தொழில்முறை விளையாட்டில் இது அரிது. அங்கே நட்சத்திர வீரர் நிலைத்திருப்பார், பயிற்றுநரைத்தான் மாற்றுவார்கள்.

ஆட்டத்தின் அழகையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் என் வயதுப் பெண்கள் பலரைப் போல நானும் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக வலைப்பந்து ஆடியவள். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் பந்து வந்ததும் நின்றுவிட வேண்டும். மற்ற ஆறு பேரும் எங்கே நகர்கிறார்கள் என்பதிலேயே ஆட்டம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கண்ணுக்குப் பெண்கள் கூடைப்பந்து உடனே புரிந்துவிடும். வளையத்துக்கு மேலே எம்பிப் பந்தை அமுக்குவது இங்கே மிக அபூர்வம் என்பதால், திறந்த இடத்தை உண்டாக்குவதற்குப் பாஸ், கால்வைப்பு, பந்தில்லாதவளின் ஓட்டம், தோழிக்காக எதிராளியின் வழியை மறித்து நிற்கும் திரை ஆகியவற்றையே அணி நம்பியிருக்கிறது. இவை எல்லாமே சொல்லிக் கொடுத்து வருபவை. ஆகவே பயிற்றுநரின் கைவண்ணம் ஆட்டத்திலேயே தெரிகிறது.

இந்த விளையாட்டைப் பெண்களிடம் கொண்டு சேர்த்ததே ஓர் ஆசிரியைதான். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அதே மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் உடற்கல்வி கற்பித்த செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்கு அறிமுகப்படுத்தினார். பெண்கள் களைத்துவிடக் கூடாது, முரட்டுத்தனமாக மோதிக்கொள்ளக் கூடாது என்ற அக்காலக் கவலைக்கு இணங்க அவர் திடலை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒருத்தி தன் பகுதியை விட்டு வெளியேறக் கூடாது என்று விதித்தார். நாங்கள் நெஞ்சில் எழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு எங்களுக்குரிய கட்டத்துக்குள்ளேயே ஓடிய வலைப்பந்தும் அதே காலத்தில் இங்கிலாந்தில் கூடைப்பந்திலிருந்து கிளைத்ததுதான். அமெரிக்காவின் ஐயோவா மாநில உயர்நிலைப் பள்ளிகளிலோ, திடலை இரண்டாகப் பிரித்து அணிக்கு ஆறு பேராக ஆடும் பழைய பெண்கள் ஆட்டம் 1993 வரை நீடித்தது. மூன்று பேர் தாக்க மட்டுமே, மூன்று பேர் தடுக்க மட்டுமே. அந்த ஆட்டத்தில் 1987ஆம் ஆண்டுப் பருவத்தில் சராசரியாக ஆட்டத்துக்கு 66 புள்ளிகள் எடுத்த ஜான் ஜென்சன்தான் இன்று ஐயோவா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநர்.

பாட் சம்மிட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். டென்னசி மாநிலத்தின் பண்ணைக் குடும்பம் ஒன்றில் 1952இல் பிறந்தவர் அவர். மகள் படிக்க வேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்பதற்காக, அணி இருக்கும் பக்கத்து மாவட்டத்துக்குக் குடும்பத்தையே குடிபெயர்த்தார் அவருடைய தந்தை. 1974இல், 22 வயதில், பட்டமேற்படிப்பு மாணவியாக டென்னசிக்கு வந்தவரிடம் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அணியில் சிலருக்கு ஏறத்தாழ அவருடைய வயதுதான். சம்பளம் மாதத்துக்கு 250 டாலர். வெளியூர் ஆட்டங்களுக்கு வேனை ஓட்டியவரும் சீருடைகளைத் துவைத்தவரும் அவரே. முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அவரே வீராங்கனையாக ஆடி வெள்ளி வென்றார். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்றுநராகத் தங்கம் வென்றார். 2012இல் விலகியபோது 1,098 வெற்றிகளும் எட்டுத் தேசியப் பட்டங்களும் அவர் கணக்கில் இருந்தன.

இந்த எண்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. டென்னசியில் தமக்குரிய ஆட்டப் பருவங்களை முழுமையாக நிறைவு செய்த அவருடைய மாணவிகள் அனைவரும் பட்டம் பெற்றார்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசைகளுக்குள் உட்கார வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அவருடைய பார்வையின் கடுமை நாடறிந்தது. தவறு செய்த மாணவி அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே அஞ்சுவாள் என்பார்கள். அந்தக் கடுமை வெற்றிக்காக மட்டும் என்று நான் ஒருபோதும் எண்ணவில்லை. பெண்ணுக்கு விளையாட்டு பொழுதுபோக்கு என்று உலகம் கருதிய நாளில், உன் உழைப்பை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்ன முதல் ஆள் பெரும்பாலும் அவராகத்தான் இருந்திருப்பார்.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தமக்கு இளவயதிலேயே அல்சைமர் வகை மறதிநோய் தொடங்கிவிட்டதை அவர் வெளிப்படையாக அறிவித்தார். மறைக்கவில்லை, உடனே விலகவும் இல்லை. மேலும் ஒரு பருவம் பெஞ்சில் அமர்ந்தார். அவரிடமே படித்து, பிறகு 27 ஆண்டுகள் துணையாக நின்ற ஹாலி வார்லிக் அந்தப் பருவத்தில் பெரும்பங்கு பாரத்தைச் சுமந்து, அடுத்த ஆண்டு பொறுப்பையும் ஏற்றார். சம்மிட் 2016 ஜூன் 28 அன்று 64 வயதில் மறைந்தார். அவருக்கும் அவுரியெம்மாவுக்கும் இடையிலான போட்டி சில ஆண்டுகளில் கசப்பாகவே இருந்தது. 2007க்குப் பிறகு இரண்டு கல்லூரிகளும் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று ஆடாமலேகூட இருந்தன. ஆயினும் நோய் வெளியானதும் சம்மிட்டின் அறக்கட்டளைக்கு நன்கொடை அளித்தவர்களில் அவுரியெம்மாவும் ஒருவர்.

வான்டெர்வீரின் கதை அமைதியானது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் மாணவியாக ஆடியபோது, ஆண்கள் அணியின் பயிற்சியை அரங்கின் இருக்கைகளில் அமர்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர் அவர். ஸ்டான்ஃபோர்டின் பயிற்றுநராக 1990இலும் 1992இலும் தேசியப் பட்டம் வென்றார். அடுத்த பட்டத்துக்கு 29 ஆண்டுகள் காத்திருந்தார். அதற்கிடையே 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக ஓராண்டு முழுவதும் ஸ்டான்ஃபோர்டை விட்டு விலகி நாட்டு அணியைத் தயார்படுத்தினார். அந்த அணி ஆயத்த ஆட்டங்கள், ஒலிம்பிக் எல்லாம் சேர்த்து 60 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதில் ஆடியவர்களில் ஒருவர் வட ஃபிலடெல்ஃபியாவின் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்த டான் ஸ்டேலி.

இங்கிருந்து வரும் தொடர்ச்சிதான் என்னை மிகவும் ஈர்ப்பது. ஸ்டேலி 2008இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் பயிற்றுநராக வந்தார். 2017இல் அரையிறுதியில் அவர் வென்றது தம்மை ஒலிம்பிக்குக்குப் பழக்கிய வான்டெர்வீரின் ஸ்டான்ஃபோர்டை. அந்த ஆண்டு அவருக்கு முதல் பட்டம் கிடைத்தது. 2021 அரையிறுதியில் இருவரும் மறுபடி மோதியபோது ஸ்டான்ஃபோர்ட் 66-65 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து அரிசோனாவை 54-53 என்று தோற்கடித்து வான்டெர்வீர் தம் மூன்றாம் பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டு டோக்கியோவில் அமெரிக்காவின் பயிற்றுநராக ஸ்டேலி தங்கம் வென்றார். மாணவி ஆசிரியையை வெல்வதும், ஆசிரியை மாணவியை வெல்வதும், நடுவில் மரியாதை ஒரு துளியும் குறையாததும் வேறு எந்த விளையாட்டில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த 2021 போட்டித் தொடரில்தான் பெண்கள் அணிகளுக்கு ஒரு சிறிய அடுக்கு எடைகள் மட்டும் தரப்பட்டதும், ஆண்கள் அணிகளுக்கு முழு உடற்பயிற்சிக் கூடமே தரப்பட்டதும் ஒரேகான் மாணவி செடோனா பிரின்ஸ் வெளியிட்ட காணொளியால் அம்பலமாயின. வான்டெர்வீரும் ஸ்டேலியும் உடனே எழுத்துவழிக் கண்டனம் தெரிவித்தார்கள். பட்டத்துக்காகப் போட்டியிட்டுக்கொண்டிருக்கும்போதே, போட்டியை நடத்துகிறவர்களிடம் நேருக்கு நேர் அநீதியைச் சொல்லும் துணிவை மாணவிகள் இவர்களிடம்தான் கற்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம் அரசாங்க நிதி பெறும் கல்விக்கூடங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆனால் அந்தச் சட்டம் திடலில் நடைமுறைக்கு வரப் பயிற்றுநர்கள் வாதாட வேண்டியிருந்தது, இன்னும் இருக்கிறது.

பட்டங்களை மட்டும் வைத்து மரியாதையை அளக்கக் கூடாது என்பதற்கு விவியன் ஸ்டிரிங்கர் ஒருவரே போதும். தேசியப் பட்டம் ஒன்றும் வென்றதில்லை அவர். ஆனால் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட செய்னி என்ற சிறிய கல்லூரியை 1982இல் தேசிய இறுதி ஆட்டத்துக்குக் கொண்டு சென்றார். பிறகு ஐயோவாவையும் ரட்கர்ஸையும் கடைசி நான்கு அணிகளில் சேர்த்தார். மூன்று வெவ்வேறு கல்லூரிகளை அந்த நிலைக்கு உயர்த்திய முதல் பயிற்றுநர் அவரே. 1985 பிப்ரவரியில் அவருடைய ஐயோவா அணியின் ஆட்டத்துக்கு 22,157 பேர் திரண்டார்கள். பெண்கள் கல்லூரி ஆட்டங்களில் அதுவரை கூடாத கூட்டம் அது. அன்று எதிரணியான ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் வான்டெர்வீர். ஐயோவாவின் அண்மைக்கால நட்சத்திர ஆட்டக்காரர் கெய்ட்லின் கிளார்க்கால்தான் அங்கே கூட்டம் சேர்ந்தது என்று சொல்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். கிளார்க் தம் கல்லூரிக் காலத்தில் எடுத்த 3,951 புள்ளிகளும், அவர் ஆடிய 2024 இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக ஏறத்தாழ 1.89 கோடிப் பேர் பார்த்ததும், அந்த ஆண்டின் ஆண்கள் இறுதி ஆட்டத்தையே அது மிஞ்சியதும் பெருமைக்குரியவைதான். ஆனால் அந்த மண் பல காலமாகப் பண்பட்ட மண்.

அந்த இறுதி ஆட்டத்தில் கிளார்க்கின் அணியை 87-75 என்று வென்றவர் ஸ்டேலி. முந்தைய ஆண்டு அரையிறுதியில் அதே ஐயோவாவிடம் அவர் தோற்றார்; தோற்ற அணியின் முதல் ஐவரும் கல்லூரியை விட்டுப் போய்விட்டார்கள். முற்றிலும் புதிய ஐவரை வைத்து அடுத்த பருவத்தின் 38 ஆட்டங்களையும் அவர் வென்றதை நான் ஆசிரியப்பணியின் உச்சமாகவே கருதுகிறேன். வென்ற மேடையில் நின்று, விளையாட்டையே உயர்த்தியதற்காக எதிரணியின் கிளார்க்குக்கு அவர் நன்றி சொன்னார்.

வென்ற அணி வளையத்தின் வலையை வெட்டி எடுத்துக்கொள்வது அங்கே மரபு. 1999இல் பர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கித்தந்த கறுப்பினப் பயிற்றுநர் கரோலின் பெக், தம் வலையின் ஒரு துண்டை ஸ்டேலியிடம் கொடுத்து, நீ வெல்லும்போது திருப்பித் தா என்று சொல்லிவைத்திருந்தார். ஸ்டேலி 2017இல் வென்றார். பின்னர் தம் வலையைத் துண்டுகளாக்கி நாடெங்கும் உள்ள கறுப்பினப் பெண் பயிற்றுநர்களுக்கு அனுப்பினார்.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2021 முதல் மாணவிகள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டிய விதியும் தளர்ந்துவிட்டது. பணம் ஈட்டுவது நியாயம் என்றே நினைக்கிறேன். பல கோடி புழங்கும் ஆட்டத்தில் ஆடுகிறவளுக்கு மட்டும் பங்கில்லை என்பது சரியாகாது. ஆனால் ஆண்டுக்காண்டு அணி கலையும்போது, நான்கு ஆண்டுகள் பொறுமையாக ஒருத்தியை வளர்க்கும் கலைக்கு இடம் சுருங்குகிறது என்பதில் எனக்கு உண்மையான கவலை உண்டு. நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் மஃபெட் மக்ரா 2020இலும் ஸ்டிரிங்கர் 2022இலும் வான்டெர்வீர் 2024இலும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். 2025இல் தம் 12ஆம் பட்டத்தை வென்ற அவுரியெம்மா, தம்மோடு 1985இல் சேர்ந்த துணைப் பயிற்றுநர் கிறிஸ் டெய்லியை இன்றும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரங்களின் சமூக மன்றத் திடல்களில் மாலை வேளைகளில் பெண் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொடக்கநிலை ஆறு வந்ததும் தேர்வைக் காரணம் காட்டி இணைப்பாட நடவடிக்கையை நிறுத்திவிடும் பெற்றோர், சம்மிட்டின் மாணவிகள் அனைவரும் பட்டம் பெற்ற செய்தியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை 2017 அரையிறுதி. முந்தைய ஆண்டு 60 புள்ளிகளில் தோற்ற மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம், 111 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருந்த கனெக்டிகட்டைக் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் 66-64 என்று வீழ்த்தியது. பந்தைப் போட்டவர் ஐந்தடி ஐந்து அங்குல மார்கன் வில்லியம். அதற்குப் பிறகு 2021இன் ஸ்டான்ஃபோர்ட்-தென் கரோலினா அரையிறுதியைப் பாருங்கள்; தென் கரோலினாவின் அலையா பாஸ்டன் கடைசி வாய்ப்பைத் தவறவிட்டு அழுதது அதில்தான். உடனே அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் அந்த ஒரு வருடத்தில் ஸ்டேலி அவரிடம் என்ன செய்திருக்கிறார் என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.